64 பிட் எண்ணைக் கெர்னலிடம் கொடுக்க எந்த வழி? 32 பிட் போர்டுகளுக்காக ஓர் ஒப்பீடு

கிருலப்பனைக் கால்வாயின் நீர்மட்டத்தையும் கூடவே படங்களையும் பதிவு செய்து வைக்கும் சிறு கருவிகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நிரல் எழுதி வருகிறோம். கொழும்பில் கைக்குக் கிடைப்பதை வைத்துச் செய்யும் வேலை இது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய ஆர்ம் போர்டுகள், புறக்கோட்டையில் கிடைத்த பழைய மிப்ஸ் ரவுட்டர்கள், ஒருவர் வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த ஐ386 (பழைய 32 பிட் இன்டெல் வகை) கொம்பியூட்டர், கடைசியில் எல்லாத் தரவும் வந்து சேரும் ஒரு 64 பிட் சேர்வர். இவை அத்தனையிலும் ஒரே நிரல் ஓட வேண்டும். பதிவுகள் 8 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பில் போகின்றன. நிரம்பியதும் மறுபடி தொடக்கத்திலிருந்து மேலெழுதப்படும்.

8 ஜிபி என்பது 32 பிட்டுக்குள் அடங்காத எண். கோப்பில் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், சொல்ல 64 பிட் ஒஃப்செட் (கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்) தேவை. சேர்வரில் அது ஒரு ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடத்தில், பேசாமல் உட்கார்ந்துவிடும். 32 பிட் போர்டில் அதை இரண்டாக வெட்டி இரண்டு ரெஜிஸ்டர்களில் கொடுக்க வேண்டும். எந்த இரண்டு, எது முதலில் என்பதில் ஒவ்வொரு கட்டமைப்பும் (சிப் குடும்பமும்) ஒவ்வொரு வழியில் போகிறது. எங்கள் குழுவில் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. லினக்ஸில் இதற்கு நான்கு வழிகள் உள்ளன. எது எங்கே பொருந்தும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நிரல் ஒன்று கெர்னலிடம் வேலை கேட்டுக் கூப்பிடுவதே சிஸ்டம் கால். லினக்ஸில் அதன் உள்ளீடுகளுக்குப் பொதுவாக ஆறு இடங்கள்தான். ஐ386இல் அவை ஆறு ரெஜிஸ்டர்கள். 32 பிட் ஆர்மில் ஆர்0 முதல் ஆர்5 வரை, சிஸ்டம் காலின் எண் ஆர்7இல். மிப்ஸின் பழைய 32 பிட் முறையில் முதல் நான்கு ரெஜிஸ்டரில், மிச்சம் ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியில். 64 பிட் எண் ஒன்று வந்தால் இரண்டு இடத்தைப் பிடிக்கும். ஐ386 அந்த இரண்டையும் அடுத்து எது காலியோ அங்கே வைத்துவிடும். ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி மூன்றும் அப்படிச் செய்வதில்லை. 64 பிட் எண் ஒரு சோடியின் முதல் இடத்தில்தான் தொடங்க வேண்டும். அதாவது முதலாம்-இரண்டாம் இடம், மூன்றாம்-நான்காம் இடம், ஐந்தாம்-ஆறாம் இடம். பஸ்ஸில் இருவர் இருக்கை ஒன்றின் ஜன்னலோரம் ஒருவர் ஏற்கெனவே இருந்தால், சேர்ந்து உட்கார வேண்டிய இருவர் அதை விட்டு அடுத்த இருக்கைக்குப் போவது போல. அந்த ஒற்றை இடம் காலியாகவே போகும்.

இந்த விதியை எவரும் சிஸ்டம் கால்களுக்கென்று உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. கெர்னலுக்குள் சிஸ்டம் கால் என்பது கடைசியில் ஒரு சி செயற்கூறு. அது எழுதப்பட்ட கட்டமைப்பில் சி கொம்பைலர் 64 பிட் எண்ணை எந்த ரெஜிஸ்டரில் எதிர்பார்க்குமோ, அங்கேதான் கெர்னலும் எதிர்பார்க்கும். செயற்கூறுகளுக்கு உள்ளீடு கொடுக்கும் முறையைச் சொல்லும் ஆர்மின் ஈஏபிஐ விதியில் எட்டு பைட் எண் இரட்டைப்படை எண்ணுள்ள ரெஜிஸ்டரில் (ஆர்0, ஆர்2, ஆர்4) தொடங்க வேண்டும் என்று இருப்பதால், அது அப்படியே கெர்னல் எல்லையைத் தாண்டி நிரல்களின் தலையில் வந்து விழுந்தது.

இத்தோடு பைட் வரிசை வேறு. லிட்டில் எண்டியன் ஆர்மில் கீழ்ப் பாதி முதல் ரெஜிஸ்டரில், மேல் பாதி அடுத்ததில். பிக் எண்டியன் மிப்ஸிலும் பவர்பிசியிலும் மேல் பாதி முதலில். மிப்ஸ் என்றாலே ஒரு வகை என்று நினைக்கக் கூடாது. ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி பிரிக்கும் விதத்தில், ஏடிஎச்79 குடும்ப ரவுட்டர்கள் பிக் எண்டியன், எம்டி7621 சிப் உள்ளவை லிட்டில் எண்டியன். புறக்கோட்டைக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் இரண்டு ரவுட்டர்கள் இந்த விஷயத்தில் நேர் எதிராக இருக்கலாம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்ப்பது நல்லது. எங்கள் பதிவுக் கோப்பை முதலிலேயே 8 ஜிபி அளவுக்கு நீட்டி வைக்க வேண்டும். அதற்கான சிஸ்டம் கால் எஃப்-டிரங்கேட்64. இதற்கு இரண்டே உள்ளீடு: கோப்பின் எண் (திறந்த கோப்புக்குக் கெர்னல் தரும் எண்), புது நீளம். சி நிரல்களுக்கான பொதுச் செயற்கூறுகளின் தொகுப்பான சி லைப்ரரியில் எந்த சிஸ்டம் காலையும் எண்ணைச் சொல்லி நேராகக் கூப்பிட 'சிஸ்கால்' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அதற்கு காலின் எண், கோப்பின் எண், 64 பிட் நீளம் என்று மூன்றையும் கொடுத்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஐ386இல் அது சரியாகவே வேலை செய்யும்.

ஆர்மில் நடப்பதைப் பாருங்கள். கொம்பைலர் காலின் எண்ணை ஆர்0இல் வைக்கிறது, கோப்பின் எண்ணை ஆர்1இல் வைக்கிறது. அடுத்தது 64 பிட். ஆர்2 இரட்டைப்படை என்பதால் கச்சிதமாக ஆர்2, ஆர்3இல் போகிறது. 8 ஜிபி என்பது 2இன் 33ஆம் அடுக்கு. அதன் கீழ்ப் பாதி 0, மேல் பாதி 2. ஆக ஆர்2இல் 0, ஆர்3இல் 2. இப்போது 'சிஸ்கால்' செயற்கூறு தன் வேலையைச் செய்கிறது: காலின் எண்ணை ஆர்7க்கு மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரு இடம் முன்னால் நகர்த்துகிறது. கோப்பின் எண் ஆர்0இல், 0 ஆர்1இல், 2 ஆர்2இல். ஆர்3க்கு ஸ்டாக்கின் மேலே என்ன கிடந்ததோ அது வந்து சேர்கிறது.

கெர்னல் என்ன எதிர்பார்க்கிறது? ஆர்0இல் கோப்பு, ஆர்1 காலி, ஆர்2-ஆர்3இல் நீளம். எனவே அது படிக்கும் நீளத்தின் கீழ்ப் பாதி 2, மேல் பாதி ஸ்டாக்கில் கிடந்த ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று 0 ஆக இருந்தால், 8 ஜிபி கேட்ட கோப்பு 2 பைட்டுக்கு வெட்டப்படும். கெர்னல் வெற்றி என்றே பதில் சொல்லும். ஏற்கெனவே கோப்பில் இருந்த பதிவுகள் போனது போனதுதான். ஸ்டாக்கில் வேறு எண் கிடந்தால் பெரும்பாலும் நீளம் எதிர்மறை என்றோ, மிகப் பெரிது என்றோ பிழை வரும். பிழை வந்தால் நல்ல காலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான். நிரல் விழுந்தால் கவனிப்போம். கொம்பைலர் எச்சரித்தால் கவனிப்போம். இங்கே இரண்டும் இல்லை. எடுத்துக்கொள்ளும் வழிகளை நான் அளக்கும் கோல் இதுதான்: தவறினால் சத்தம் போட்டுத் தவறுமா, சத்தமில்லாமல் தவறுமா?

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, சி லைப்ரரியின் சொந்தச் செயற்கூறைக் கூப்பிடுவது. எஃப்-டிரங்கேட், குறித்த ஒஃப்செட்டில் படிக்கும் பி-ரீட், எழுதும் பி-ரைட் எல்லாவற்றையும் நேரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், எண்ணை வெட்டுவது, காலி இடம் விடுவது, பைட் வரிசை எல்லாம் லைப்ரரியின் பாடு. ஜிலிப்சி, மஸ்ல் என்ற இரண்டு சி லைப்ரரிகளும் பல ஆண்டுகளாக எத்தனையோ பேருடைய கையில் அடிபட்டவை. அந்தக் கணக்கை அவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். இதில் ஒரே ஒரு பொறி உண்டு. ஜிலிப்சியில் 32 பிட் கட்டமைப்புகள் பலவற்றில் ஒஃப்செட்டின் வகை வழக்கமாக 32 பிட்தான்; கோப்பு ஒஃப்செட் 64 பிட் என்று கொம்பைல் செய்யும்போது ஒரு மேக்ரோ (கொம்பைலருக்குக் கொடுக்கும் வரையறை) மூலம் கேட்டு வாங்க வேண்டும். மஸ்லில் அது எப்போதுமே 64 பிட். ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி, அதாவது மஸ்ல். போர்டில் டெபியன் வழி வந்த லினக்ஸ், அதாவது ஜிலிப்சி. ரவுட்டரில் சரியாக ஓடியது போர்டில் 2 ஜிபியைத் தாண்டியதும் முறுக்கிக்கொண்டால் முதலில் இந்த மேக்ரோவைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, "அண்ணா, ரவுட்டரில் ஃப்ளாஷ் இடமே இல்லை, லைப்ரரி இல்லாமல் நேரே கெர்னலைக் கூப்பிட்டால் நிரல் சின்னதாக இருக்குமே" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மஸ்லோடு நிலையாக இணைத்துக் கட்டும்போது, நாம் கூப்பிடும் செயற்கூறுகள் மட்டும்தான் நிரலுக்குள் வருகின்றன. அதில் பி-ரைட்டின் பங்கு சில நூறு பைட் கூட இல்லை. அளவு என்ற காரணத்துக்காக மட்டும் நேரடி அழைப்புக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

உண்மையான தேவை வேறு இடத்தில் வருகிறது. கெர்னலில் ஒரு புது சிஸ்டம் கால் வந்து, அதற்கான செயற்கூறு லைப்ரரிக்கு வந்து சேரக் காலம் எடுக்கும். கோப்பின் ஒரு பகுதியை நகலெடுக்கும் கொப்பி-ஃபைல்-ரேஞ்ச் கெர்னல் 4.5இல் வந்தது, ஜிலிப்சியில் 2.27இல்தான் அதற்குச் செயற்கூறு வந்தது. பழைய லைப்ரரி உள்ள போர்டில் அதை உபயோகிக்க வேண்டுமானால் நேரடி அழைப்புத்தான் வழி. சில மொழிகள் சி லைப்ரரியையே தொடுவதில்லை. கோ மொழி லினக்ஸில் நேராகக் கெர்னலைக் கூப்பிடும் மொழி.

அப்படி நேரே கூப்பிடும்போது வருவது இரண்டாவது வழி: நாமே வெட்டி, நாமே காலி இடம் விட்டு, கட்டமைப்புக்குக் கட்டமைப்பு வேறாக எழுதுவது. பி-ரீட்64ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு, நினைவக முகவரி, எத்தனை பைட், எந்த ஒஃப்செட் என்று நான்கு உள்ளீடு. ஐ386இல் கோப்பு, முகவரி, பைட், கீழ்ப் பாதி, மேல் பாதி என்று ஐந்து இடம். ஆர்மில் பைட் எண்ணிக்கைக்குப் பிறகு ஒரு 0, அப்புறம் கீழ்ப் பாதி, மேல் பாதி, மொத்தம் ஆறு. பிக் எண்டியன் மிப்ஸிலும் அந்த 0 உண்டு, ஆனால் மேல் பாதி முதலில். சேர்வரில் நான்கே இடம். ஒரே காலுக்கு நான்கு உருவம்.

இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மஸ்லில் 64 பிட் எண்ணுக்கென்று இரண்டு மேக்ரோக்கள் இருக்கின்றன: எண் இரட்டை இடத்தில் வந்தால் ஒன்று, ஒற்றை இடத்தில் வந்தால் மற்றது. ஆர்மில் ஒற்றைக்கான மேக்ரோ முன்னால் ஒரு 0ஐச் சேர்த்துக்கொள்ளும். ஐ386இல் இரண்டும் ஒன்றே. பாதிகளைப் பிரிப்பதற்கு யூனியன் (ஒரே நினைவகத்தை இரு விதமாகப் பார்க்கும் வகை) ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் பைட் வரிசையும் தானாகச் சரியாகிவிடும். மிக அழகான வேலை. கோ மொழியில் சிஸ்டம் கால் செயற்கூறுகளை உருவாக்கித் தரும் கருவிக்கு மூன்று தெரிவுகள் உண்டு: 32 பிட் லிட்டில் எண்டியன், 32 பிட் பிக் எண்டியன், ஆர்ம் முறைச் சோடி. இவர்கள் செய்ததன் சாரம் ஒன்றுதான்: விதியை ஓர் இடத்தில் எழுதி வைத்து, காலைக் கூப்பிடும் இடத்தில் எவரும் அதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல் செய்தது. நிரலின் நடுவே ஆங்காங்கே கட்டமைப்பைச் சோதித்து 0ஐச் செருகும் முறை இதற்கு நேர் எதிர். அப்படி எழுதிய நிரலை நான் எங்கள் களஞ்சியத்துக்குள் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் விதி மட்டும் தெரிந்தால் போதாது, விதிவிலக்குகளும் இருக்கின்றன. சூப்பர்எச் கட்டமைப்பில் பி-ரீட், பி-ரைட் இரண்டுக்கு மட்டும் காலி இடம் வேண்டும். மஸ்ல் அதற்கென்றே மூன்றாவது மேக்ரோ வைத்திருக்கிறது. கோப்பின் ஒரு பகுதியை வட்டுக்குத் தள்ளும் சிங்க்-ஃபைல்-ரேஞ்சின் கதை இன்னும் பெரியது. கெர்னல் 2.6.17இல் வந்தபோது அதன் உள்ளீட்டு வரிசை கோப்பு, ஒஃப்செட், நீளம், கொடிகள் (தெரிவுகளைக் குறிக்கும் பிட்டுகள்). ஒஃப்செட்டும் நீளமும் 64 பிட். ஆர்மிலும் பவர்பிசியிலும் எண்ணிப் பாருங்கள்: கோப்பு ஒன்று, காலி ஒன்று, ஒஃப்செட் இரண்டு, நீளம் இரண்டு, கொடி ஒன்று. மொத்தம் ஏழு, இருப்பதோ ஆறு. எனவே அந்தக் கட்டமைப்புகளுக்கென்று கொடியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்து வரிசையை மாற்றிய வேறொரு சிஸ்டம் கால் வந்தது, சிங்க்-ஃபைல்-ரேஞ்ச்2. மிப்ஸ் ஐந்தாவதிலிருந்து ஸ்டாக்கில் வைப்பதால் அங்கே ஏழும் செல்லும், ஆகவே பழைய வரிசையே நின்றது. ஆர்மில் எஃப்-அட்வைஸுக்கும் இதே கதி; அதற்கும் வரிசை மாற்றிய தனிக் கால் உண்டு.

கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும், அடுத்த ஆண்டே கெர்னல் 2.6.23இல் வந்த எஃப்-அலொகேட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் வரிசை கோப்பு, முறை, ஒஃப்செட், நீளம். முதல் இரண்டும் 32 பிட், ஒரு சோடியை நிரப்பிவிடும். பின்னால் வரும் இரண்டு 64 பிட் எண்களும் தத்தமது சோடியில் உட்காரும். ஆறு இடமும் நிறைந்து, ஒரு காலியும் இல்லாமல் எல்லாக் கட்டமைப்பிலும் ஒரே வரிசை. கோப்புகளைக் கண்காணிக்கச் சொல்லும் ஃபேநோட்டிஃபை-மார்க்கிலும் கோப்பு, கொடி இரண்டும் முன்னால், 64 பிட் மறைப்பு மூன்றாவதாக. ஒரு சின்ன எண்ணை முன்னுக்கு நகர்த்தியதால் மட்டும் ஒரு தனி சிஸ்டம் காலின் தேவை இல்லாமல் போனது. சொந்தமாக ஓர் இடைமுகம் வரைகிறவர்கள் மனதில் பதிய வைக்க வேண்டிய எடுத்துக்காட்டு இது.

மூன்றாவது வழி, வெட்டுவதையே இடைமுகத்தின் பகுதியாக்கிவிட்ட கால்களைத் தேர்ந்தெடுப்பது. 64 பிட் எண் ஒன்றைக் கொடுக்கிறோம் என்ற பாவனையே அங்கே இல்லை. மேல் பாதி ஓர் உள்ளீடு, கீழ்ப் பாதி ஓர் உள்ளீடு, இரண்டும் சாதாரண லோங் எண்கள் (32 பிட் இயந்திரத்தில் 32 பிட், 64 பிட் இயந்திரத்தில் 64 பிட்). சாதாரண எண் என்பதால் சோடி விதி பொருந்தாது. வரிசை இடைமுகத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் பைட் வரிசையும் பொருந்தாது. கோப்பில் அடுத்துப் படிக்கும் இடத்தை நகர்த்தும் எல்எல்-சீக் மேல் பாதியை முதலில் கேட்கும், கீழ்ப் பாதியை அடுத்து கேட்கும், விடையை ஒரு பொயின்டர் (நினைவக முகவரி) வழியே தரும். பல துண்டுகளை ஒரே தடவையில் படிக்கவும் எழுதவும் கெர்னல் 2.6.30இல் வந்த பி-ரீட்வி, பி-ரைட்வி இரண்டும் கீழ்ப் பாதியை முதலில் கேட்கும்.

பி-ரைட்வி எனக்கு மிகவும் பிடித்த வடிவம். அதற்குக் காரணம் கெர்னலுக்குள் உள்ள ஒரு வரி. இரண்டு பாதிகளையும் ஒட்டும்போது, மேல் பாதியை லோங் எண்ணின் பாதி அகலத்துக்கு இடப்பக்கம் நகர்த்துகிறார்கள், பிறகு மீண்டும் அதே அளவு நகர்த்துகிறார்கள், அப்புறம் கீழ்ப் பாதியைச் சேர்க்கிறார்கள். 32 பிட்டில் 16, இன்னொரு 16, மொத்தம் 32. மேல் பாதி தன் இடத்துக்குப் போய்விடும். 64 பிட்டில் 32, இன்னொரு 32, மொத்தம் 64. மேல் பாதி முழுவதுமாக வெளியே விழுந்துவிடும், கீழ்ப் பாதியாகக் கொடுத்ததே முழு ஒஃப்செட். ஒரே தடவையில் 64 நகர்த்தினால் சி மொழியில் அதற்கு வரையறுத்த விளைவு கிடையாது, அதனால்தான் இரண்டு தடவை. இதன் பயன் நிரல் எழுதுகிறவருக்குத்தான். ஒஃப்செட்டை லோங்காக மாற்றி ஓர் உள்ளீடு, 32 பிட் வலப்பக்கம் நகர்த்தி லோங்காக மாற்றி அடுத்த உள்ளீடு. இந்த ஒரே வரி ஆர்ம், மிப்ஸ், ஐ386, சேர்வர் நான்கிலும் மாற்றமில்லாமல் சரி. விலை என்னவென்றால், எழுத வேண்டியது ஒரே துண்டாக இருந்தாலும் முகவரியும் நீளமும் கொண்ட ஒரு சிறு ஸ்ட்ரக்டை (பல எண்களை ஒன்றாக அடுக்கிய வகை) தயார் செய்து கொடுக்க வேண்டும். எங்கள் வேலையில் அது பொருட்டே இல்லை; தலைப்பு ஒரு துண்டு, தரவு ஒரு துண்டு என்று எப்படியும் இரண்டு துண்டு எழுதுகிறோம்.

இதே வகையில் சேர்க்க வேண்டிய இன்னொன்று, கோப்பை நினைவகம் போல் பார்க்க வைக்கும் எம்-மேப்பின் 32 பிட் வடிவமான எம்-மேப்2. எம்-மேப்புக்கு ஏற்கெனவே ஆறு உள்ளீடு, ஆறு இடமும் போய்விட்டது. அங்கே வெட்டுவதற்கும் இடமில்லை. ஆகவே ஒஃப்செட்டை பைட்டில் கேட்காமல் 4096 பைட் அலகில் கேட்கிறார்கள். 32 பிட் எண்ணோடு 12 பிட் இலவசமாகச் சேர்ந்து 44 பிட், அதாவது 16 டிபி வரை எட்டும். 4096இன் மடங்கில்லாத ஒஃப்செட் எம்-மேப்புக்கு எப்படியும் ஆகாது என்பதால் எதையும் இழக்கவில்லை. எங்கள் பதிவுக்கும் இது நல்ல யோசனை: ஒரு பதிவு எப்போதும் 4096 பைட் பக்கத்தில்தான் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், பதிவின் இடத்தை நிரலுக்குள் எங்கேயும் 32 பிட் பக்க எண்ணாகவே வைத்திருக்கலாம். கெர்னலைத் தொடும் ஒரே இடத்தில் மட்டும் 64 பிட்டாக விரித்தால் போதும்.

நான்காவது வழி, எண்ணை ரெஜிஸ்டரிலேயே கொடுக்காமல் நினைவகத்தில் வைத்து அதன் முகவரியைக் கொடுப்பது. ஸ்ப்ளைஸ், கொப்பி-ஃபைல்-ரேஞ்ச் இரண்டும் ஒஃப்செட்டுக்குப் பொயின்டர் கேட்பவை. புதிய கால்களில் இது இன்னும் முன்னேறி, உள்ளீடு எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் போட்டு, அதன் முகவரியையும் அளவையும் கொடுக்கும் வடிவத்துக்கு வந்திருக்கிறது: கெர்னல் 5.3இல் புதிய செயல்முறையைத் தொடங்கும் க்ளோன்3, 5.6இல் கோப்பைத் திறக்கும் ஓப்பன்-அட்2. பொயின்டர் எங்கும் ஓர் இடம்தான் பிடிக்கும். ஆறு இடம் என்ற நெருக்கடியே இல்லை. அளவையும் சேர்த்துக் கொடுப்பதால் நாளைக்கு ஸ்ட்ரக்டின் வாலில் புது உறுப்பைச் சேர்க்கலாம். பழைய கெர்னல் தனக்குத் தெரியாத வால் முழுதும் 0 என்றால் ஏற்கும், இல்லையென்றால் அளவு பெரிது என்று பிழை சொல்லும். சத்தம் போட்டுத் தவறுகிறது. என் கோலில் இதற்கே முதலிடம்.

ஆனால் ஸ்ட்ரக்டுக்குள்ளும் பழைய பேய் ஒன்று ஒளிந்திருக்கிறது. இங்கே விளையாடுவது ஐ386. ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு 32 பிட் எண், அடுத்து ஒரு 64 பிட் எண் என்று வைத்தால், ஆர்மில் நடுவே நான்கு பைட் இடைவெளி விட்டு மொத்தம் 16 பைட். ஐ386இல் 64 பிட் எண் நான்கு பைட் எல்லையில் நின்றாலே போதும். இடைவெளி இல்லை, மொத்தம் 12 பைட். ஐ386 நிரல் 64 பிட் கெர்னலில் ஓடினால் இருவரும் வேறு வேறு இடத்தைப் பார்ப்பார்கள். கெர்னலின் தலைப்புக் கோப்புகளில் எட்டு பைட் எல்லையைக் கட்டாயமாக்கிய தனி 64 பிட் வகை ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அதையே பயன்படுத்தி, 64 பிட் உறுப்புகளை மேலே வைத்து, மிஞ்சும் இடைவெளியை 0 நிரப்பிய உறுப்பாக வெளிப்படையாக எழுதிவிட்டால் பிரச்சினை தீரும். பொயின்டர்களையும் ஸ்ட்ரக்டுக்குள் 64 பிட் எண்ணாகவே வைக்க வேண்டும்.

இன்னொரு விலை பாதுகாப்புப் பக்கம். செக்கொம்ப் வடிகட்டி ரெஜிஸ்டரில் உள்ள எண்களைப் பார்த்துத்தான் ஒரு காலை விடவோ தடுக்கவோ செய்யும். பொயின்டருக்குப் பின்னால் போய்ப் பார்க்க அதனால் முடியாது. க்ளோன்3இன் கொடிகள் ஸ்ட்ரக்டுக்குள் போனதால், நிரல்களைக் கொள்கலன்களில் பிரித்து ஓட்டும் டொக்கரின் பழைய வடிகட்டி அதை மொத்தமாகத் தடுத்தது, அதுவும் 'இப்படி ஒரு காலே இல்லை' என்று சொல்லாமல் 'அனுமதி இல்லை' என்று சொல்லி. ஜிலிப்சி 2.34 க்ளோன்3ஐப் பயன்படுத்தத் தொடங்கியதும் பழைய டொக்கரில் புதிய கொள்கலன்கள் ஓடாமல் நின்றன. வடிகட்டியோடு ஓடும் நிரலென்றால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்து நாங்கள் எடுத்த முடிவு இது. கெர்னலில் ஏற்கெனவே இருக்கும், லைப்ரரியில் பெயர் உள்ள எந்தக் காலையும் லைப்ரரி வழியேதான் கூப்பிடுகிறோம். விதிவிலக்கு கேட்பவர் காரணத்தை எழுத வேண்டும். நேரடி அழைப்பு தேவைப்படும் இடத்தில் பி-ரைட்வி போல் பாதிகளை வெளிப்படையாகக் கேட்கும் கால் இருந்தால் அதுவே. இல்லாவிட்டால்தான் மஸ்ல் பாணி மேக்ரோ, அதுவும் ஒரே தலைப்புக் கோப்பில். நீர்மட்ட உணரிக்காக நாங்களே எழுதும் டிரைவரின் ஐஓசிடிஎல்லுக்கு (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) ஸ்ட்ரக்ட், எட்டு பைட் எல்லையோடு. ஐஓசிடிஎல்லில் கொடுக்கக் கிடைப்பது ஒரே ஒரு லோங் என்பதால் அங்கே வேறு தெரிவும் இல்லை.

சோதனையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய ஒஃப்செட்டில் சோதித்தால் மேல் பாதி 0. பாதிகள் தடம் மாறியது தெரியாமலே போகலாம். 4 ஜிபியோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டி, இரண்டு பாதியும் 0 அல்லாமலும் ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கும்படி எடுக்க வேண்டும். இதற்கு 8 ஜிபி இடம் தேவையில்லை, எக்ஸ்ட்4 கோப்பு முறையில் வெற்றுத் துளையோடு (உண்மையில் இடம் பிடிக்காத பகுதியோடு) கோப்பை நீட்டலாம். கடையில் வாங்கிய மெமரி கார்டு ஃபேட்32இல் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டவே முடியாது. சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்டிரேஸ் கருவியில் ஓட்டிப் பார்த்தால் கெர்னல் படிக்கும் அதே சோடிகளை அதுவும் படித்துக் காட்டும், தவறான நீளம் பளிச்சென்று தெரியும்.

வேறு கட்டமைப்பின் நிரலை நம் இயந்திரத்தில் ஓட்டிக் காட்டும் கியூஎமுவின் பயனர் முறையில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவது போதாது. அந்த முறையில் ஆர்ம் நிரலின் சிஸ்டம் காலை ஆர்ம் கெர்னல் பார்ப்பதில்லை. கியூஎமு தானே ரெஜிஸ்டர்களை எடுத்து, எந்தக் கட்டமைப்புக்குச் சோடி விதி உண்டு என்று தன் சொந்த அட்டவணையைப் பார்த்து ஒட்டி, நம் சேர்வரின் கெர்னலுக்குக் கொடுக்கிறது. அங்கே சோதிக்கப்படுவது கியூஎமுவின் புரிதல். கியூஎமுவின் முழு இயந்திர முறையில் ஓட்டினால் உண்மையான ஆர்ம் கெர்னலே பதில் சொல்லும். கையில் போர்டு இருந்தால் அதைவிட நல்லது. ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: 64 பிட் கெர்னலில் 32 பிட் நிரல்கள் ஓடும் கலவை அங்கே சாதாரணம். இயந்திரத்தின் பெயரைக் கேட்டால் 64 பிட் என்று வரும், ஆனால் உங்கள் நிரலுக்கு 32 பிட் விதிதான், காலி இடம் உட்பட. முடிவைக் கொம்பைல் செய்யும்போதே எடுக்க வேண்டும், ஓடும்போது இயந்திரத்தின் பெயரைக் கேட்டு எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது: எழுதிய பதிவைக் கார்டுக்குத் தள்ளுவதற்கு சிங்க்-ஃபைல்-ரேஞ்சா, எஃப்-டேட்டாசிங்க்கா? முதலாவது, கட்டமைப்புக்குக் கட்டமைப்பு வரிசை மாறுகிற அதே கால். அது கோப்பின் ஒரு பகுதியை மட்டும் தள்ளும், வேகமானது என்பதால் குழுவில் சிலர் அதன் பக்கம் நின்றார்கள். ஆனால் அது கோப்பின் மெட்டாடேட்டாவை (கோப்பைப் பற்றிய விவரங்களை) எழுதாது, கார்டின் உள் கேச்சைக் காலி செய்யவும் சொல்லாது. மின்சாரம் போனால் பதிவு நிலைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. கால்வாயோரம் வைக்கும் கருவிக்கு மின்வெட்டுத்தான் முதல் எதிரி. எஃப்-டேட்டாசிங்க் கேட்பது கோப்பின் எண் ஒன்றை மட்டும். எல்லாக் கட்டமைப்பிலும் ஒரு ரெஜிஸ்டர்தான். அதையே எடுத்துக்கொண்டோம்.